அறுபது கட்டம், ஒரு பொய்

எங்கள் அலுவலகத்தில் ஒரு பூவுக்குப் பெயர் பதினாலு. அதற்கு முறையான பெயர் உண்டு, இரண்டு சொல் நீளத்தில். அதை நாக்கைக் கடித்துக்கொள்ளாமல் சொல்லத் தெரிந்தவர் எங்கள் கட்டடத்தில் ஒருவரும் இல்லை. கணக்கெடுப்புப் படிவத்தில் பதினாலாவது வரியில் வருகிறது, அதனால் பதினாலு. காட்டைக் காப்பாற்றுவதாகச் சொல்லிச் சம்பளம் வாங்கும் முப்பத்திரண்டு பேர் ஒரு பூவை எண்ணால் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். யாருக்கும் கூச்சமில்லை. எனக்கும்தான்.

பதினாலை மெய்யாகவே அறிந்தவர் ஒரே ஒருவர். அவருக்கும் நாங்கள் பெயர் வைத்திருந்தோம், கட்டத்தக்கா. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் அலுமினியச் சட்டம் ஒன்றை எந்நேரமும் தோளில் மாட்டிக்கொண்டு அலைவார். சட்டத்துக்குள் குறுக்கும் நெடுக்கும் நூல் கட்டி நூறு சின்னக் கட்டமாகப் பிரித்திருக்கும். மலையில் அறுபது இடங்களில் இரும்பு முளை அடித்து எண் போட்டிருக்கிறது, அந்த இடங்களுக்கும் கட்டம் என்றுதான் பெயர். முளையில் சட்டத்தின் மூலையைப் பொருத்தி, வடக்கே பார்க்கத் திருப்பி, முட்டி போட்டு உட்கார்ந்து, உள்ளே இருக்கும் செடிகளை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். அறுபதையும் முடிக்க மூன்று வாரமாகும். பத்தொன்பது ஆண்டு இதைச் செய்தார்.

எண்ணும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் தொலைந்தது. பதில் சொல்ல மாட்டார். முதல் மூலைக்குத் திரும்பிப் போய் மறுபடி ஒன்று என்று ஆரம்பிப்பார். ஒருமுறை அதிகாரியே கைபேசியில் கூப்பிட்டபோது மணியை அடிக்கவிட்டு, தொண்ணூற்றாறாவது சின்னக் கட்டத்திலிருந்து நூறாவது வரை முடித்துவிட்டுத்தான் எடுத்தார் என்று கேள்வி. அதை நாங்கள் தேநீர் நேரத்தில் நடித்துக் காட்டிச் சிரிப்போம். நடித்துக் காட்டுவதில் நான்தான் கெட்டிக்காரன்.

எங்களிடம் வருவதற்கு முன் அக்கா திருகாணி செய்யும் ஆலையில் பொட்டலத்துக்கு எத்தனை ஆணி என்று சரிபார்த்துக்கொண்டிருந்தார். ஆலைக்கு எடை பார்க்கும் இயந்திரம் வந்தது, அக்கா வெளியே வந்தார். முப்பத்தொரு வயதில் எங்களிடம் தற்காலிகப் பணியாளராகச் சேர்ந்தார். எங்கள் அலுவலகத்தில் தற்காலிகம் என்ற சொல்லுக்குச் சாகும்வரை என்று பொருள். கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். பழைய டியூபை வெட்டி அக்காவின் முட்டிக்கு இரண்டு பட்டை செய்து கொடுத்தது அவர்தான். ஒரே மகளைக் கட்டிக் கொடுத்தாயிற்று. வீட்டில் முட்டை வாங்கி வந்தால்கூட அக்கா இரண்டு தடவை எண்ணுவாராம். ஒன்று தனக்காக, ஒன்று கடைக்காரர் மேல் பழி வரக் கூடாதே என்பதற்காக. கணவர் இதை என்னிடம் புகாராகச் சொல்ல ஆரம்பித்துப் பெருமையாக முடித்தார்.

இனி என்னைப் பற்றி. அக்கா எழுதித் தரும் எண்களைக் கணினியில் ஏற்றுவது என் வேலை. அவர் பென்சிலில் எழுதிய அறுபது பக்க நோட்டு ஆண்டுக்கு ஒன்று என் மேசைக்கு வரும். மலைக்குப் போக வேண்டிய தேவை எனக்கு வந்ததில்லை. என் ஜன்னலில் மலை தெரியும், அது போதும் என்றிருந்தேன். பத்தொன்பது ஆண்டு ஒரு மலையின் எண்களை உள்ளே ஏற்றியவன் அதன் மேல் ஒருமுறைகூடக் கால் வைக்கவில்லை என்றால் வெளியே யாரும் நம்ப மாட்டார்கள். உள்ளே இருப்பவர்கள் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள்.

படிவத்தில் பதினாலுக்கு ஒரே ஒரு பத்திதான் இருந்தது, பூத்தவை. அதுதான் கோளாறு. மரநிழல் அடர்ந்த காட்டில் அந்தச் செடி பூக்காது. மண்ணுக்குள் ஒரு சாண் ஆழத்தில் வெங்காயம் போல் ஒரு கிழங்கு இருக்கும். மேலே தரையோடு ஒட்டி ஓர் இலையை மட்டும் நீட்டிக்கொண்டு பத்து ஆண்டு, இருபது ஆண்டு சும்மா கிடக்கும். ஆகவே எங்கள் கணினியில் பதினாலு ஆண்டுக்கு ஆண்டு செத்துக்கொண்டே வந்தது. அக்கா இலைகளையும் எண்ணி ஓரத்தில் எழுதி வைப்பார். கட்டத்துக்கு நாற்பது, ஐம்பது, எழுபது என்று இலைகள் அப்படியேதான் இருந்தன. ஓரத்தில் எழுதுவதை ஏற்றக் கணினியில் இடமில்லை. இடம் போடலாமே என்று யாரும் நினைக்கவில்லை, நான் உட்பட. நினைத்தால் வேலை கூடும்.

பத்து ஆண்டுக்கு முன்னால் மலையின் ஒரு மூலையில் இடி விழுந்து கொஞ்சம் எரிந்தது. முப்பத்தேழாம் கட்டமும் முப்பத்தெட்டாம் கட்டமும் அதற்குள் மாட்டின. அடுத்த பருவத்தில் அக்காவின் நோட்டில் முப்பத்தேழுக்கு நாற்பத்தொன்று பூ, முப்பத்தெட்டுக்கு முப்பத்தாறு. முந்தின ஆண்டு இரண்டும் சுழி. அப்போதிருந்த அதிகாரி என் திரையைப் பார்த்தார். வரைபடத்தில் படுத்திருந்த கோடு திடீரென்று எழுந்து நின்றது. தலைமை அலுவலகத்தில் கேள்வி கேட்பார்கள், எழுதியவள் கைதவறி எழுதியிருப்பாள், சீராக்கிவிடு என்றார். நாற்பத்தொன்றில் ஒன்றை அழித்தேன், நான்கு ஆனது. முப்பத்தாறில் ஆறை அழித்தேன், மூன்று ஆனது. திருத்தத் தாளில் அதிகாரி கையெழுத்துப் போட்டார். கோடு மறுபடி படுத்துக்கொண்டது. முழுவதுக்கும் ஒரு நிமிடம் ஆகியிருக்காது. அன்று மதியம் நன்றாகத் தூங்கினேன் என்று நினைவு.

அக்கா அந்த இரண்டு கட்டத்தையும் விடவில்லை. பூத்ததில் விழுந்த விதைகள் முளைத்து, மயிர் கனத்தில் ஒற்றை இலை விட்டன. முளைக்கு ஒரு குண்டூசி என்று பக்கத்தில் குத்தி வைத்துவிட்டு ஆண்டுதோறும் போய்ப் பார்த்தார். அந்த முளைகளில், வெயில் விழும் ஓரத்தில் இருந்த ஒன்று முதலாவதாகப் பூத்தது ஏழாம் ஆண்டில். அதையும் ஓரத்தில்தான் எழுதினார்.

போன ஆண்டுக் கோடையின் முடிவில் மலை முழுவதும் எரிந்தது. மூன்று நாள். என் ஜன்னலில் புகைதான் தெரிந்தது. நான்காம் நாள் மலை கரியாக நின்றது.

எங்கள் புது அதிகாரி அழகாகச் சோகப்படத் தெரிந்தவர். முதல் மழைக்கு முன்னால் விதைப்பந்து விழா ஏற்பாடு செய்தார். களிமண்ணில் விதை வைத்து உருட்டிய பந்துகள், இருபது மூட்டை. மூட்டையின் மேல் கலப்பு விதை என்று எழுதியிருந்தது. எதைக் கலந்தது என்று கேட்டவன் இல்லை. நூறு பேர் மலையடிவாரத்தில் வரிசையாக நின்று படம் எடுப்பவர் சொன்னபோது எறிந்தார்கள். எறிந்தது முக்கால்வாசி அடிவாரத்திலேயே விழுந்தது. மேலே ஏறி எறிய மூச்சு வேண்டுமே. அன்றிலிருந்து அவருக்கு விதைப்பந்தார் என்று பெயர். அவர் இல்லாதபோது மட்டும்.

மழை முடிந்தது. மூன்றாம் வாரம் மலையில் கரிக்கு நடுவே ஊதா நிறம் தெரிந்தது. என் ஜன்னலிலிருந்தே தெரிந்தது என்றால் எவ்வளவு இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அக்காவின் நோட்டில் ஒரு கட்டத்துக்கு முப்பது, ஐம்பது, அறுபத்தெட்டு என்று வந்தது. நிழல் போய் வெயில் விழுந்தது, சாம்பல் உரமானது, இத்தனை ஆண்டும் மண்ணுக்குள் காத்துக் கிடந்த கிழங்குகள் எல்லாம் ஒரேயடியாகப் பூத்துவிட்டன. விதைப்பந்தாரோ செய்தியாளர்களைக் கூட்டி, தாம் எறிந்த விதைகள் காட்டை மீட்டுவிட்டதாகச் சொன்னார். கரி மலையில் பூவுக்கு நடுவே அவர் நிற்கும் படம் வெளியானது. மலை ஏற இரண்டு மணி நேரம் ஆகும் என்பதால் அடிவாரத்தில் ஒரு பூ இருக்கும் இடமாகப் பார்த்து நிறுத்தி எடுத்திருந்தார்கள்.

அதோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். அடுத்த கூட்டத்தில் அவர் திட்டத்தை அறிவித்தார். பதினாலின் காய்கள் பழுத்ததும் மலை முழுவதும் ஒன்றுவிடாமல் பறிக்க வேண்டும். அந்த விதைகளை வைத்து லட்சம் பந்து உருட்டி வேறு ஐந்து மலைகளில் எறிய வேண்டும். பறிக்க நாற்பது ஆட்களுக்கு உத்தரவு போட்டாகிவிட்டது. காய்களில் நூற்றுக்கு அறுபது பழுத்துவிட்டன என்று கட்டத்தக்காவின் வாராந்திரத் தாள் சொல்லும் அன்று ஆட்கள் ஏறுவார்கள். ஒரு காய்கூட மண்ணில் விழுந்து வீணாகக் கூடாது என்றார். விதை மண்ணில் விழுவதை வீண் என்று சொன்ன மனிதரை நான் அன்றுதான் பார்த்தேன். எல்லோரும் கை தட்டினோம்.

அக்கா எழுந்து நின்றார். கூட்டத்தில் அவர் பேசி அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. மேசை மேல் பழைய நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு சொன்னார். விதை போட்டால் பூக்க ஏழு வருஷம் ஆகும், இந்த வருஷம் பூத்தது எல்லாம் பழைய கிழங்கு. எரிந்த அடுத்த ஆண்டு மட்டும்தான் இப்படிப் பூக்கும், அதற்குள் விழுகிற விதைதான் அடுத்த தலைமுறை. இரண்டு மூன்று வருஷத்தில் புதர் மூடிவிடும், பிறகு எப்போது தீ வருமோ யாருக்குத் தெரியும். மற்ற ஐந்து மலையும் எரியாதவை, அங்கே சருகு ஒரு சாண் கனத்துக்குக் கிடக்கிறது, எறிந்த விதை மண்ணையே தொடாது. பாதியையாவது மலைக்கு விட்டுவிடுங்கள் சார் என்றார்.

விதைப்பந்தார் பொறுமையாகக் கேட்டார். ஆதாரம் கேட்டார். அக்கா முப்பத்தேழு, முப்பத்தெட்டு என்றார். என்னைத் திரையில் போடச் சொன்னார்கள். போட்டேன். எரிந்த மறு ஆண்டு, நான்கு பூ, மூன்று பூ.

“இவ்வளவுதானேம்மா?” என்றார் அதிகாரி, சிறு குழந்தையிடம் கேட்பதுபோல.

அக்கா நோட்டில் இருந்த நாற்பத்தொன்றைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். பிறகு என்னை ஒரு தடவை பார்த்தார். நான் கீபோர்டில் தூசி தட்டிக்கொண்டிருந்தேன். கையால் எழுதியதைவிடக் கணினியில் இருப்பதே செல்லும் என்று அதிகாரி முடித்து வைத்தார். என் வாழ்க்கையில் நான் வெட்கப்பட்ட நாள்களை எண்ணினால் ஒரு கை போதும், அதில் அது முதல் விரல்.

வாராந்திரத் தாள் வர ஆரம்பித்தது. கட்டவாரியாக மொத்தக் காய், பழுத்த காய் என்று இரண்டு பத்தி. மற்றச் செடிகளை விட்டுக் காயை மட்டும் எண்ணுவதால் அறுபதும் ஒரே வாரத்தில் முடிந்தன. முதல் வாரம் பழுத்தது சுழி, அது சரி. இரண்டாம் வாரம் சுழி. மூன்றாம் வாரமும் அறுபது கட்டத்துக்கும் சுழி. மொத்தக் காய் எப்போதும்போல் நாற்பத்தேழு, அறுபத்து மூன்று என்று துல்லியமாக இருந்தது. பக்கத்துப் பத்தியில் மேலிருந்து கீழ்வரை ஒரே சுழி. பத்தொன்பது ஆண்டில் அவருடைய தாளில் அறுபது கட்டமும் ஒரே எண்ணைச் சொன்னதில்லை. இயற்கை அப்படி ஒத்துப்போகாது, அதிகாரிகள்தான் ஒத்துப்போவார்கள். எண்களில் பொய் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா என்ன, தொழிலே அதுதானே. பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது, அக்கா பொய் எழுதுகிறார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. இத்தனை நாள் ஒழுங்கு பேசிய ஆள் கடைசியில் நம் கட்சிக்கு வந்தாரே என்ற அற்ப சந்தோஷம். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று மறுநாள் விடுப்புப் போட்டுவிட்டு முதன்முறையாக மலை ஏறினேன். ஏழு இடத்தில் உட்கார்ந்து எழுந்தேன்.

மேலே மரமெல்லாம் கரிக்கம்பமாக நின்றது. பூ முடிந்திருந்தது. முழங்கால் உயரத்துக்குக் காய்ந்த தண்டுகள், உச்சியில் மூன்றாக வெடித்துப் பிளந்த காய்கள். குனிந்து பார்த்தால் வெறும் சாம்பல் மண்ணில் கடுகளவு கறுப்பு விதைகள், கால் வைக்க இடமில்லாமல் கிடந்தன. அக்கா ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை.

“நல்லாப் பழுத்திருக்கே அக்கா” என்றேன்.

“பழுத்து ஒரு வாரமாச்சு. பாதிக்கு மேல வெடிச்சிருச்சு.”

“நீங்க சுழி போட்டிருக்கீங்க.”

“போட்டேன்.” பாட்டிலை மூடினார். “இன்னும் ஒம்பது நாள் வேணும் தம்பி. ஒம்பது நாள்ல எல்லாம் மண்ணுக்குள்ள போயிரும். அப்புறம் நாப்பது பேர் என்ன, நானூறு பேர் வரட்டும்.”

மாட்டிக்கொள்வீர்களே என்றேன். மாட்டத்தான் செய்வேன், கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவேன், பொய்யைக் காப்பாற்ற இன்னொரு பொய் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை என்றார். அந்தச் சுழியைப் போட்ட இரண்டு வாரமும் சரியாகச் சாப்பிடவில்லை என்று பிறகு அவர் கணவர் சொன்னார். எனக்கோ ஒரு நாள்கூடப் பசி குறைந்ததில்லை.

நான் போகத் திரும்பியபோது அவர் சொன்னார்: “நாப்பத்தொண்ண நாலாக்குனது நீதான்னு எனக்கு அந்த வருஷமே தெரியும்.”

“ஏன் அன்னிக்குக் கூட்டத்துல சொல்லல?”

“சொன்னா உன்னைத் தூக்கிட்டு வேற ஆளை வெப்பாங்க. அவன் உன்னைவிட வேகமா அழிப்பான்.”

என்னைப் பற்றி யாரும் சொன்னதில் இதைவிட நல்ல வார்த்தை கிடையாது. கீழே இறங்கி வந்து அறுபது சுழியையும் ஒழுங்காக ஏற்றினேன். நான்காம் வாரத்துச் சுழிகளையும் ஏற்றினேன். மலையைப் போய்ப் பார்த்துத் தெரிந்துகொண்டு நான் ஏற்றிய எண்கள் அவை மட்டும்தான், அவையும் பொய். என் யோக்கியதை அப்படி.

ஐந்தாம் வாரம் விதைப்பந்தாருக்கே சந்தேகம் வந்து ஆட்களை அனுப்பினார். நாற்பது பேர், ஆளுக்கு ஒரு பை. மாலையில் இறங்கியபோது பைகளின் மடிப்புக்கூடக் கலையவில்லை. பறித்ததெல்லாம் உமி. விதை விழுந்த இடத்தில் ஏற்கெனவே இரண்டு மழை பெய்திருந்தது.

விசாரணைக் குழு வைத்தார்கள். மூன்று பேர், நீள மேசை, தேநீர். தலைவர் நல்ல மனிதர், ஆகவே அக்காவுக்கு வழி காட்டினார். வயசாகுது, கண் மங்கியிருக்கும், பழுத்ததும் பழுக்காததும் பிரித்துத் தெரிந்திருக்காது, அப்படி எழுதிக் கொடுத்துவிடும்மா என்றார். விதைப்பந்தாரும் தலையை ஆட்டினார். கண் மங்கியது என்றால் அவர் தலைக்கும் ஆபத்தில்லை. அக்கா ஒரே ஒரு சொல் சொன்னால் போதும், பத்தொன்பது ஆண்டும் பத்திரமாக இருக்கும், வேலையும் இருக்கும். குறிப்பெடுத்துக்கொண்டிருந்த நான் சொல்லிவிடுங்கள் அக்கா என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

“கண்ணு நல்லாத்தாங்க இருக்கு” என்றார் அக்கா. “பழுத்திருந்தது. தெரிஞ்சேதான் சுழி போட்டேன். விதை மலையிலேயே விழணும்னு போட்டேன்.”

குழு ஒரு மணி நேரம் கூடிப் பேசியது. தெரிந்தே பொய் எழுதிய கை இதற்கு முன்னும் எழுதியிருக்காது என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று தலைவர் கேட்டார். நியாயமான கேள்விதான், ஆனால் அதை யாரிடம் கேட்க வேண்டுமோ அவன் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தான். பத்தொன்பது ஆண்டுப் பதிவும் நம்பத்தகாதவை என்று முடிவானது. விதிவிலக்கு இரண்டே இரண்டு. எட்டு ஆண்டுக்கு முன்னால் முப்பத்தேழாம் கட்டத்துக்கும் முப்பத்தெட்டாம் கட்டத்துக்கும் கணினியில் உள்ள எண்கள். மேலதிகாரி சரிபார்த்துக் கையொப்பமிட்டவை என்பதால் அவை மட்டும் செல்லும். நான்கும் மூன்றும் நிலைத்தன. பத்தொன்பது ஆண்டு முட்டி தேய எண்ணியதெல்லாம் குப்பை, நான் அரை நிமிடத்தில் அழித்து எழுதியது மட்டும் ஆவணம்.

எழுந்து சொல்லியிருக்கலாம். எனக்கு நிரந்தர வேலை, ஓய்வூதியத்துக்கு ஆறு ஆண்டு பாக்கி, வீட்டில் படிக்கிற பிள்ளைகள். இதெல்லாம் காரணம் என்று நான் நினைக்கவில்லை. பயந்தாங்கொள்ளி, அவ்வளவுதான். வாயைத் திறக்காமல் குறிப்பை முழுவதும் அழகாக எழுதி முடித்தேன்.

முத்திரை குத்தும் வேலை எனக்கே வந்தது. நம்பத்தகாதது என்று சிவப்பு மையில் பக்கத்துக்கு ஒன்று. பத்தொன்பது நோட்டு, அறுபது பக்கம். ஆயிரத்து நூற்று நாற்பது தடவை குத்தினேன், இரண்டு நாள் ஆனது, மணிக்கட்டு வீங்கிவிட்டது. பென்சில் எழுத்துகளை அப்போதுதான் நிதானமாகப் பார்த்தேன். அழித்து எழுதிய இடமே இல்லை. ஒரு பக்கத்தில் மழைத்துளி விழுந்து ஓர் எண் கலைந்திருந்தது, பக்கத்தில் மறுநாள் போய் மறுபடி எண்ணினேன் என்று குறித்திருந்தார். அதன் மேலும் குத்தினேன். அக்காவை வேலையிலிருந்து எடுக்கத் தாளே தேவைப்படவில்லை, தற்காலிகம்தானே. ஆனால் மலைக்குள் அவர் நுழையக் கூடாது என்று ஓர் உத்தரவு தனியாகப் போட்டார்கள். அதைத் தட்டச்சு செய்து சோதனைச் சாவடிக்கு அனுப்பியதும் நான்தான்.

விதைப்பந்தார் பதவி உயர்வில் போய்விட்டார். அவர் படம் அலுவலக வாசலில் மாட்டியிருக்கிறது.

அடுத்த மழை முடிந்து இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் மலை ஏறினேன். கிடங்கில் கேட்பாரற்றுக் கிடந்த சட்டத்தை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு போனேன். சாவடியில் இருந்தவன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சிரித்தான். இருபத்துமூன்றாம் முளையில் மூலையைப் பொருத்தி, வடக்கே திருப்பி, முட்டி போட்டேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கண் பழகியதும் தெரிந்தது. மயிர் கனத்தில், விரல் நீளத்தில், ஒற்றை ஒற்றைப் பச்சை இலைகள், சாம்பல் முழுவதும். எண்ணினேன். நடுவில் ஒரு பறவை கத்தியதில் விட்டுப்போனது, முதல் மூலைக்குத் திரும்பினேன். முதல் தடவை இருநூற்று ஒன்பது வந்தது. அடுத்த தடவை இருநூற்றுப் பன்னிரண்டு. மூன்றாம் தடவையும் இருநூற்றுப் பன்னிரண்டு. எழுந்தபோது கால் மரத்து விழப் பார்த்தேன். இவ்வளவு மகிழ்ச்சியாக நான் இருந்ததே இல்லை. ஒரே ஒரு கட்டத்தில் இத்தனை என்றால் மலை முழுவதும் எத்தனை. அக்கா ஜெயித்துவிட்டார், அதைச் சொல்ல நேராக அவர் வீட்டுக்கு ஓடினேன்.

வேனைத் தெருவில் நிறுத்திக் கணவர் கழுவிக்கொண்டிருந்தார். அக்கா மாடிப்படியில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார். இப்போது ஒரு மருந்துக் கடையில் மாத்திரை அட்டைகளை அடுக்கும் வேலை. இளைத்திருந்தார். வா தம்பி, உட்காரு என்றார். உட்காரவில்லை.

“இருவத்துமூணாம் கட்டத்துல முளைச்சிருக்கு அக்கா. இருநூத்திப் பன்னெண்டு.”

அவர் கை நின்றது. முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அதற்காகத்தானே அத்தனையையும் கொடுத்தார். கண்ணில் தண்ணீர் வந்தது, புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்.

“யாரு எண்ணுனது?”

“நான்தான்.”

மலர்ந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாகப் பழையபடி ஆனது. கோபம் இல்லை. மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

“இருக்கும் தம்பி. இருக்கணும்னுதான் எனக்கும் ஆசை. ஆனா நீ எண்ணுனேன்னு சொன்னா நான் எப்படிப்பா நம்புறது?”

மூன்று தடவை எண்ணினேன் அக்கா என்றேன். சத்தியம் என்றேன். அவர் சரி என்பதுபோல் தலையை ஆட்டினார், பிள்ளைகள் சொல்வதற்கு ஆட்டுவதுபோல. போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றால் அவரைச் சாவடி தாண்டி விட மாட்டார்கள். என் கையால் போன உத்தரவு அங்கே சுவரில் ஒட்டியிருக்கிறது. தண்ணீர் ஏதாவது குடிக்கிறாயா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். அவர் அடுத்த துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். பத்தொன்பது ஆண்டில் என் வாயிலிருந்து வந்த முதல் உண்மையான எண் அது. அதைக் கொண்டுபோய்க் கொடுக்க இந்த உலகத்தில் எனக்கு இருந்தது ஒரே ஓர் ஆள். அவர் அதை வாங்கிக்கொள்ளவில்லை.